வரிப்புலிக்குப் பவுடர்

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்ப்பது என் வேலை. என்னைப் பார்த்துக் குரைக்காத நாய் இந்த ஊரில் கிடையாது. குட்டை நாய்கள் என் கணுக்காலைப் பார்த்துக் குரைக்கும். நெட்டை நாய்கள் நேருக்கு நேர் முகத்தைப் பார்த்தே குரைக்கும். எத்தனை வருஷம்தான் பொறுப்பது? இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு நாயை நானே வளர்ப்பது என்று முடிவு கட்டினேன். மாஸ்டிஃப்! கன்றுக்குட்டி உடம்பு, பானைத் தலை.

நான் முடிவு கட்டினால் போதுமா? மேலிடத்து அனுமதி வேண்டாமா? மேலிடம் எங்கள் வீட்டு முன்னறையில் பியூட்டி பார்லர் நடத்துகிறது.

"நாயா?" என்றாள் என் மனைவி, சீப்புகளைக் கழுவியபடியே.

"மாஸ்டிஃப். பேருக்குத்தான் நாய். பார்த்தா சிங்கம்."

"சிங்கத்தைக் குளிப்பாட்டுறது யாரு? எச்சில் துடைக்கிறது யாரு? முடி கூட்டுறது யாரு?"

"பாதி நீ, பாதி நான்."

கொஞ்சம் யோசித்தாள். "சரி, வெள்ளை நாயா வாங்கிட்டு வாங்க. நம்ம சோபா வெள்ளை, முடி விழுந்தாலும் தெரியாது. வேற நிறத்துல வந்தா அத்தனை வேலையும் உங்க தலையில. சம்மதமா?"

"சத்தியம்!" என்று கையில் அடித்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நாய்ப்பண்ணைக்காரர் சிரித்தார். "வெள்ளையா? இந்த ஜாதியில வெளிர் மணல் நிறம் உண்டு, செம்மஞ்சள் உண்டு, புலிவரி உண்டு. எதுவானாலும் மூஞ்சியும் காதும் கறுப்பு. மிஞ்சிப்போனா நெஞ்சுல ஒரு பொட்டு வெள்ளை இருக்கும். முழு வெள்ளை வேணும்னா பூனை வாங்குங்க சார்."

திரும்பி வந்திருக்கலாம். ஆனால் அவர் பக்கத்தில் அது நின்றது. மஞ்சள் உடம்பில் கரிக்கோடு இழுத்த மாதிரி வரி வரியாக. முகம் முழுக்கக் கறுப்பு. என்னைப் பார்த்தது. குரைக்கவில்லை! அங்கேயே விழுந்துவிட்டேன்.

அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மனைவி ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் செய்யப் போயிருந்தாள். பார்லர் அலமாரி திறந்திருந்தது. பவுடர் டப்பாக்கள் என்னைக் கூப்பிட்டன. முதுகுக்கு ஒரு டப்பா, வயிற்றுக்கு ஒரு டப்பா. கறுப்பு மூஞ்சிதான் அடங்கவில்லை. கண்ணிலும் மூக்கிலும் படாமல் கொஞ்சிக் கெஞ்சிப் பூசினேன். புலி முயலாகிவிட்டது.

கதவு திறந்தது.

"அட, வெள்ளை!" என்றாள்.

"வாக்குன்னா வாக்கு."

"மூஞ்சிகூட வெள்ளையா இருக்கே?"

"அபூர்வம்."

"ரோஜா வாசனை வருதே?"

"உயர்ந்த ஜாதி. அப்படித்தான் வரும்."

அந்த நேரம் பார்த்து நாய் உடம்பை உதறியது. அறையெல்லாம் மூடுபனி. பனி விலகியபோது அது வரிவரியாகப் பளிச்சென்று நின்றது. உச்சி முதல் உள்ளங்கால் வரை நான்தான் வெள்ளை. எல்லோருக்கும் சாயம் வெளுக்கும். எனக்கு வெள்ளையே வெளுத்துவிட்டது.

மனைவி கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"பண்ணைக்காரர் வீட்டம்மா நம்ம பார்லர்லதான் முடி வெட்டிக்கிறாங்க. மாஸ்டிஃப்ல வெள்ளையே கிடையாதுன்னு எப்பவோ சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சேவா வெள்ளை கேட்ட?"

"வேண்டாம்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவீங்க. சும்மா சரின்னா பாதி வேலை எனக்கு. அதான்." நாயின் கழுத்தைச் சொறிந்தாள். "இந்த வரிக்காரனை உங்க கண்ணுல படுற மாதிரி நிறுத்தச் சொன்னதும் நான்தான். எனக்கும் புலிவரிதான் பிடிக்கும்."

கையில் துடைப்பத்தைக் கொடுத்தாள்.

குடும்பத் தலைவன் யார் என்பதை நாய்க்காவது காட்ட வேண்டாமா? நெஞ்சை நிமிர்த்தி, "உட்கார்!" என்று அதட்டினேன். நாய் கொட்டாவி விட்டது.

"குரல்ல அழுத்தம் இருக்கணுங்க," என்றாள் அவள். பிறகு அதன் பக்கம் திரும்பி, "உட்காரு!" என்றாள்.

நாய் யோசித்துக்கொண்டே நின்றது. நான் உட்கார்ந்துவிட்டேன்.