மேலே ஏறிய தண்ணீர்

மனித இனம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, அப்புறம் வெகுகாலம் உருப்படியாக ஒன்றும் செய்யாமல் கிடந்தது. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது "உறவுத் தீவு" என்ற தொலைக்காட்சித் தொடர்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். குடும்பத்துக்குள் பழைய காயம் இருந்தால், பட்டவரையும் படுத்தியவரையும் ஒரு தீவில் இறக்கி, சோறு போடாமல் இருபத்தோரு நாள் படம் பிடிப்பார்கள். பசியில் வசை வெளியே வரும். வசையில் பழி வெளியே வரும். பழி தீர்ந்ததும் மனசு கழுவிவிட்ட திண்ணை மாதிரி ஆகிவிடும். இவ்வளவு சுலபமான வைத்தியத்தை எந்த டாக்டரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் லேசில் எதையும் நம்புகிறவன் இல்லை. ஆணி வாங்கினால் கடைக்காரன் முன்னாலேயே ஒன்றை வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் பொட்டலம் கட்டச் சொல்வேன். ஐந்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். வாத்தியார் முதல் தடவை சொன்னதை நம்பவில்லை. அப்படிப்பட்ட நானே மெச்சுகிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் தச்சன். எங்கள் அப்பாவும் தச்சர்தான். எனக்குப் பத்தொன்பது, அண்ணனுக்கு இருபத்திரண்டு நடக்கும்போது அப்பா மரம் இழைக்கிற பெரிய இழைப்புளி பட்டறையிலிருந்து காணாமல் போனது. "உன் தம்பிதாண்டா சொன்னான், நீ எடுத்தேன்னு" என்று சொல்லி அண்ணனை அளவுகோலால் முதுகு கிழிய அடித்துத் துரத்தினார் அப்பா. அண்ணன் போய்த் தையல்காரன் ஆனான். அன்றைக்கு நின்ற பேச்சு ஐம்பத்திரண்டு வருஷம் நின்றது. அப்பா செத்தபோதுகூட அவன் தலைமாட்டில் தோள் கொடுத்தான், நான் கால்மாட்டில் கொடுத்தேன். இருவருக்கும் உயரம் ஒத்துவரவில்லை. "கொஞ்சம் தூக்குடா" என்று சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. அப்பா கடைசி வரைக்கும் சாய்ந்தே போனார்.

தீவுக்கு மனுப் போட்டது அண்ணன் மகள். பட்டறைக்கு வந்து மரத்தூள் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "சித்தப்பா, அப்பாவுக்கு எழுபத்தஞ்சு ஆகப் போகுது. தூக்கத்துலகூட உங்களத்தான் திட்டுறாரு. அவரு போறதுக்குள்ள ஒரு தடவ பேசிடுங்க" என்றாள். தொலைக்காட்சிக்காரன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் தீவில் அண்ணன் எழுந்து போக இடம் இருக்காது என்று கணக்குப் போட்டேன். சரி என்றேன்.

முதலில் "காயத் தேர்வுக் குழு" முன்னால் நிறுத்தினார்கள். நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மாள் காயப் பொறுப்பாளராம். நான் மனசுக்குள் காயத்தம்மா என்று பேர் வைத்தேன். காயத்துக்கு வயது என்ன, ரத்தம் வந்ததா, சாட்சி உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, அண்ணன் அடி வாங்கும்போது நான் அழுதேனா என்று கேட்டார். நான் கதவுச் சட்டத்துக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். "அழுத்தி வைக்கப்பட்ட துக்கம்" என்று எழுதிக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் "முதல் தரம்" என்றார். மறு அறையில் ஒரு டாக்டர் என் வயிற்றை அமுக்கிப் பார்த்து, "பட்டினிக்குத் தகுதியானவர்" என்று கையெழுத்துப் போட்டார். அரசாங்கம்கூட எனக்கு இதுவரை அப்படி ஒரு சான்றிதழ் தந்ததில்லை. எழுத்தில் தந்ததில்லை என்று சொல்ல வேண்டும்.

தீவு என்பது ஏரி நடுவில் ஒரு மணல் மேடு. அக்கரையில் படப்பிடிப்புக்காரர்களின் சாப்பாட்டுக் கொட்டகை. காற்று எங்கள் பக்கம் அடிக்கும் இடமாகப் பார்த்துத்தான் கொட்டகை போட்டிருந்தார்கள். அதற்கென்று தனி நிபுணர் வந்து போனாராம்.

எங்களுக்கு அட்டவணை கொடுத்தார்கள். முதல் நாள், முறைத்தல். ஏழாம் நாள், வசை. பதினான்காம் நாள், பழி. இருபதாம் நாள், உண்மை. கடைசி நாள், கண்ணீர். முதல் நாள் காலை எங்களை ஒரு மரக்கட்டையின் இரண்டு முனையில் உட்கார வைத்தார்கள். பட்டுப்போன மரம், உள்ளே பூச்சி அரித்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன்தான் அட்டவணையை மீறினான்.

"எதுக்குடா அப்பாகிட்ட நான் திருடினேன்னு சொன்ன?"

"நான் எங்கண்ணே சொன்னேன்? நீ ஓடிப் போறதுக்கு முன்னாடி என்மேல பழி போட்டுட்டுப் போனதா அப்பா சொன்னாரு."

"நானா?"

"பின்ன?"

அண்ணன் கட்டையை ஒரு தட்டுத் தட்டினான். "அப்ப அந்தாளு ரெண்டு பக்கமும் கொட்டியிருக்காரு" என்றான்.

இழைப்புளி எங்கே போனது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதினாறு வருஷம் கழித்துச் சாராயக்கடைக்காரன் வீட்டுக்குக் கட்டில் செய்யப் போனபோது பார்த்தேன். கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தான். பிடியில் அப்பாவின் அடையாளக் கீறல். குடிக்குக் கொடுத்துவிட்டுப் பெற்ற பிள்ளைகள் மேல் கதை கட்டியிருக்கிறார் மனிதர். அதை அண்ணனிடம் சொன்னேன்.

"பாத்தப்பவே வந்து சொல்லியிருக்கலாமேடா."

"நீ பேச மாட்டியேண்ணே."

"ஆமா, பேச மாட்டேன்" என்று ஒத்துக்கொண்டான். அப்புறம் முதுகைத் திருப்பினான். "அந்தத் தழும்புக்கு மேல அரிக்குது. எனக்குக் கை எட்டல, சொறிஞ்சு விடு."

சொறிந்து விட்டேன். ஐம்பத்திரண்டு வருஷப் பகை பதினொரு நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது.

இதைவிடப் பெரிய பேரிடரை அந்த நிறுவனம் கண்டதில்லை. அக்கரையிலிருந்து படகு போட்டுக்கொண்டு இயக்குநர் வந்தார், பின்னாலேயே காயத்தம்மா. இயக்குநர் ஒன்றும் கத்தவில்லை. இருபதாம் நாள் வரவேண்டிய உண்மை இப்போதே வந்துவிட்டால் மீதி நாளுக்கு நாடு எதைப் பார்க்கும் என்று மிகுந்த மனவருத்தத்தோடு கேட்டார். காயத்தம்மா ஒரு படிவத்தை நீட்டினார். "பகை மீட்புப் படிவம்." போட்டியாளர்கள் இருவரும் இன்று காலை இருந்த விரோத நிலைக்கு உடனடியாகத் திரும்பவேண்டியது, தவறினால் வழக்கு. பயந்து கையெழுத்துப் போட்டோம். காலைப் பதிவு "இயந்திரக் கோளாறில்" அழிந்துவிட்டதாக மத்தியானம் அறிவித்தார்கள்.

அதன்பிறகு கேமரா பார்க்கும்போது திட்டிக்கொண்டோம், பார்க்காதபோது கதை பேசினோம். திட்டுவது அண்ணனுக்குச் சிரமமாகவே இல்லை. ஐம்பத்திரண்டு வருஷ ஒத்திகை. சில வசவுகள் எனக்கே பிடித்துப் போய், இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

பதினான்காம் நாள் வந்தது. கலைப் பிரிவு ஒரு தெப்பம் செய்து வைத்திருந்தது. அடியில் எல்லாக் கட்டையையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி ஒரு மரமுளை. அண்ணன் ஏறுவதற்கு முன்னால் நான் தண்ணீருக்குள் இறங்கி அந்த முளையைப் பிடுங்கிவிட வேண்டும். அதுதான் என் பழி.

"அண்ணனுக்கு நீச்சல் தெரியாதுங்க" என்றேன்.

"அது தெரிஞ்சுதான் பெரியவரே எழுதியிருக்கோம்" என்றார் இயக்குநர்.

முடியாது என்றேன். அவர் கோபப்படவில்லை. பிடுங்க வேண்டாம், போய்த் தொட்டுவிட்டாவது வாருங்கள் என்றார். போனேன். தலையைத் தெப்பத்துக்கு அடியில் விட்டுப் பார்த்தால், முளை பல் விழப்போகிற மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது. என்ன தொழில் செய்கிறார்களோ. ஆடும் முளையைப் பார்த்துவிட்டுச் சும்மா வந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அங்கே சோறு கிடையாது, அது வேறு விஷயம். தெப்பத்தின் ஓரத்தைத் தோளால் நெம்பி முளையைத் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து, ஒரு கல்லால் நாலு போடு போட்டு இறுக்கிவிட்டுக் கரையேறினேன். கேமரா பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தது.

அண்ணன் அந்தக் கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தான். தெப்பம் பாறை மாதிரி நின்றது. இறங்கும்போதுதான் சேற்றில் கால் வழுக்கி, முழங்கால் தண்ணீரில் பொத்தென்று உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே சிரித்தான். நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். இயக்குநரும் சிரித்தார். நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டிய ஒரே இடம் அது. ஆணியை வளைத்துப் பார்க்கிறவன், அங்கே கோட்டை விட்டேன்.

பழி முடிந்துவிட்டதால் மனசு தூய்மையாகிவிட்டது, உண்மையும் கண்ணீரும் இனித் தேவையில்லை என்று சொல்லி மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

படம் வெளிவர இரண்டு மாசம் ஆயிற்று. அந்த இரண்டு மாசமும் அண்ணன் சாயங்காலமானால் பட்டறைக்கு வந்துவிடுவான். எனக்கு இரண்டு சட்டை தைத்துக் கொடுத்தான். தச்சன் பென்சில் பையிலிருந்து விழுந்துகொண்டே இருக்கிறது என்று சொல்லியிருந்தேன். நெஞ்சுப் பைக்குப் பக்கத்தில் பென்சிலுக்கென்று ஒடுக்கமாக ஒரு பை வைத்துத் தைத்திருந்தான். குனிந்து இழைத்தாலும் பென்சில் விழவில்லை.

அப்புறம் ஒளிபரப்பானது. அதில் ஒரு பொய்கூட இல்லை. எல்லாம் நடந்ததுதான். வரிசையை மட்டும் கொஞ்சம் மாற்றியிருந்தார்கள். நான் தண்ணீரில் இறங்குகிறேன். கல்லோடு முளைப் பக்கம் போகிறேன். முளை வெளியே வருகிறது. அண்ணன் விழுகிறான். நான் சிரிக்கிறேன். உள்ளே போன முளை எப்படி வெளியே வரும் என்று யோசித்தேன். அந்தத் துண்டை மட்டும் பின்னாலிருந்து முன்னால் ஓட்டியிருக்கிறார்கள். எனக்கு அது பிடிபட்டது எப்படியென்றால், என் முழங்கையிலிருந்து சொட்ட வேண்டிய தண்ணீர், ஏரியிலிருந்து கிளம்பி முழங்கைக்கு ஏறியது.

மறுநாள் அண்ணன் கடைக்குப் போனேன். அவன் தைத்த சட்டையைத்தான் போட்டிருந்தேன். அவன் மிஷினை நிறுத்தவில்லை.

"நான் முளைய இறுக்கினேண்ணே."

"புடுங்கினத நாடே பாத்துச்சு. அதான் இறங்கும்போது தெப்பம் ஆடுச்சு."

"ஆடலண்ணே, நீ வழுக்கின. அது தலகீழா ஓட்டின படம். என் முழங்கையப் பாரு, தண்ணி மேல ஏறுது. தண்ணி எங்கயாவது மேல ஏறுமா?"

"நீ சிரிச்சியா இல்லியா?"

"சிரிச்சேன். நீயுந்தான சிரிச்ச."

அண்ணன் மிதிப்பதை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் யோசித்தான். "நான் சிரிச்சதா படத்துல இல்லியே" என்றான்.

கடையில் இருந்த அவன் மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா, அன்னைக்கு நீங்களே வந்து சொன்னீங்களே, விழுந்து சிரிச்சோம்னு" என்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னான். "அப்பா சொன்னது காதால கேட்டது. அதுக்கே அம்பத்திரண்டு வருஷம் பேசல. இது கண்ணால பாத்தது." மறுபடி மிதிக்க ஆரம்பித்தான். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது.

போன வாரம் காயத்தம்மா கூப்பிட்டார். தொடருக்குச் சிறந்த குடும்ப நிகழ்ச்சி என்ற விருது கிடைத்திருக்கிறதாம். "உங்க காயம் இப்ப ரொம்பப் புதுசா இருக்குங்கய்யா, அடுத்த பருவத்துக்கும் நீங்க ரெண்டு பேரும் வரணும்" என்றார். தம்பியின் பழி நியாயமா என்று நேயர்களைக் கேட்டதில், நூற்றுக்குத் தொண்ணூற்றொரு பேர் நியாயமே என்று பொத்தானை அமுக்கியிருக்கிறார்களாம். எனக்கு வாழ்த்துச் சொன்னார்.

அதனால் அந்தத் தொடரை நான் குறை சொல்ல மாட்டேன். எங்களைப் பிரிக்க எங்கள் அப்பாவுக்கு ஒரு குடி, ஒரு அளவுகோல், இரண்டு பொய் தேவைப்பட்டது. அந்தப் பொய்யையும் நாங்கள் இரண்டே பேர்தான் நம்பினோம், அதுவும் அறியாத வயசில். நீங்கள் வீட்டுக்கு நாலு பேராக, விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தீர்கள். நான் பல்லைக் காட்டியதை அத்தனை பேரும் பார்த்தீர்கள். தண்ணீர் மேலே ஏறியதை ஒருத்தர்கூடவா பார்க்கவில்லை?