தாழிக்காரருக்குத் துக்கம் விசாரிக்க ஒரு பயண ஏற்பாடு

அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, இசக்கிச்செல்வியின் முக்கால் ஏக்கர் வயலுக்குள் ஒரு முதுமக்கள் தாழி இருந்தது. மூவாயிரம் வருஷமாக அது யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. போன மாதம் டிராக்டர் கொழு முட்டி அதன் வாய் வெளியே தெரிந்தது. மேலதிகாரி நேரில் வந்து பார்வையிடும்வரை வயலில் எவரும் கால் வைக்கலாகாது என்று தாலுகா அலுவலகத்தார் கயிறு கட்டிப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள்.

பாபநாசம் அணையில் தண்ணீர் திறக்க இன்னும் பதினெட்டு நாள். வீட்டுக் கொல்லையில் கிணற்றுத் தண்ணீரில் அவள் பாவியிருந்த நாற்று அதற்குள் நடவுக்கு வந்துவிடும். மேலும் ஒரு வாரம் தள்ளினால் முத்திப்போய் மாட்டுக்குத்தான் ஆகும். அவள் தாலுகா அலுவலகத்துக்கு நடந்தாள்.

"சார், பெரியவுக எப்ப வாராக?"

பார்வையிடல் ஏற்பாட்டுச் சிறப்பு அலுவலர் செந்தில்முருகன் நிமிர்ந்தார். "வருவாக. படிவந்தான் கிடைக்கல."

தாழியைப் பார்க்கப் போவதற்கென்று அரசாங்கத்தில் படிவம் கிடையாது. எழுத்தர் ஜமீலா பீவி இரண்டு நாள் பீரோவைக் குடைந்து ஒன்றை எடுத்தாள்: 'அதிகாரி துக்க வீட்டுக்கு நேரில் சென்று ஆறுதல் கூறும் பயணப் படிவம்.'

"செத்தவரு இருக்காரு, நம்ம ஆளு பாக்கப் போறாரு. இதுதான் சார் பொருந்துது."

செந்தில்முருகனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. உடனே இசக்கிச்செல்வியை உட்காரவைத்து நிரப்பத் தொடங்கினார்.

"எப்ப செத்தாரு?"

"மூவாயிரம் வருசம் இருக்கும்னு சொல்லுதாவ."

"இறப்ப இருபத்தோரு நாளைக்குள்ள பதிஞ்சிருக்கணுமே. ஏன் பதியல?"

"எனக்கு எப்படித் தெரியும் சார்? நான் அப்பப் பொறக்கவே இல்லியே."

"சரி, தாமதத்துக்குக் காரணம் கவனக்குறைவுன்னு எழுதிக்கிடுதேன். ஆறுதல் யாருக்குச் சொல்லணும்? வாரிசு யாரு?"

அதுதான் தெரியவில்லை. ஆகவே, தாழியில் உள்ளவரின் வாரிசுகள் எட்டு நாளைக்குள் மனுச் செய்யவேண்டும் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஒரு பயலும் வரமாட்டான், எட்டு நாளில் காரியம் முடிந்துவிடும் என்று இசக்கிச்செல்வி நம்பினாள். பாவம், ஊரைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

மறுநாளே பேருந்து நிலையத்தை மறைத்து பிளக்ஸ் எழுந்தது: 'எங்கள் பாட்டனார் துயிலும் தாழியே!' அடுத்த நாள் அதைவிட உயரமாக இன்னொரு சங்கத்தின் பிளக்ஸ். ஒரு கூட்டம் மொட்டை போட்டுக்கொண்டது. இன்னொரு கூட்டம் பதினாறாம் நாள் விசேஷம் வைத்துச் சாப்பாடு போட்டது. வண்ணார்பேட்டையில் ஒரு புரோட்டாக் கடை பெயர்ப்பலகையில் 'நிறுவப்பட்டது கி.மு. 900' என்று எழுதிக்கொண்டது. அடுத்த வயல்காரர் மாடக்கண்ணுவும் மனுவோடு கிளம்பினார்.

"அண்ணாச்சி, நீங்களுமா?"

"தாழியோட வயித்தப் பாத்தியா, செல்வி? அப்படியே எங்க அய்யா வயிறு!"

எட்டு நாளில் இருநூற்றுப் பதினான்கு மனுக்கள். எல்லாவற்றுக்கும் செந்தில்முருகன் முத்திரை குத்தி, பெற்றுக்கொண்டதாகச் சீட்டும் கொடுத்தார். பிறகு படிவத்தின் பதினோராம் கலத்துக்கு வந்தார். இறந்தவரின் சாதி. மனுக்களில் மொத்தம் பதினேழு சாதி இருந்தது.

"ஒருத்தருக்கு ஒரு சாதிதான் இருக்க முடியும்," என்றார் அவர். "பதினேழு இருந்தா, ஒண்ணும் உறுதியில்லன்னு அர்த்தம்." தெரியவில்லை என்று எழுதி மேலே அனுப்பினார்.

மேலேயிருந்து மூன்றே நாளில் பதில் வந்தது. அந்த அலுவலகத்தில் எதுவும் அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. 'முன்னோரின் சாதி தெரியவில்லை என்பது ஐயந்திரிபற நிறுவப்பட்டுள்ளதால், அன்னாரின் வாரிசுகளாகத் தம்மை அறிவித்துக்கொண்டோரின் சாதிச் சான்றிதழ்கள் மறு உத்தரவு வரை நிறுத்திவைக்கப்படுகின்றன.'

சாயங்காலத்துக்குள் பிளக்ஸ் எல்லாம் காணாமல் போயிற்று. மொட்டை போட்டவர்கள், திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டது என்றார்கள். புரோட்டாக் கடை கி.மு.வை அழித்துவிட்டு 'புதிய உதயம்' என்று எழுதியது. மாடக்கண்ணுவைப் பார்த்து, அய்யா வயிறு என்னாயிற்று என்று இசக்கிச்செல்வி கேட்டாள். "வயிறு எவனுக்குத்தாம்ளா இல்ல?" என்று சீறினார் அவர்.

மனுக்களை எல்லாரும் வாபஸ் வாங்கிவிட்டார்கள்; வாரிசு இல்லாததால் ஆறுதல் கூற ஆளில்லை. ஆகவே மேலதிகாரியின் பயணம் ரத்து. பயணம் நடக்காததால் கயிற்றை அவிழ்க்க வழியில்லை. தண்ணீர் திறக்க மூன்று நாள்தான் இருந்தது.

"நான் வாரிசுன்னு கையெழுத்துப் போடுதேன் சார். வந்து ஆறுதல் சொல்லிட்டுப் போகட்டும். நாத்த நெனச்சா அழுகையும் தானா வருது."

"தாராளமாப் போடு. ஒம் மகளுக்குக் காலேஜ் இந்த வருசந்தான?"

பேனா கையிலேயே நின்றது. மகளின் சான்றிதழும் போகும். இசக்கிச்செல்வி பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே வரும்போதே அடுத்த உத்தரவை ஜமீலா பீவி ஒட்டிக்கொண்டிருந்தாள். மனுக் கொடுத்தவர்களின் சொந்தபந்தம் யார் யார் என்று பிரிக்க முடியாததால், சாதிச் சான்றிதழ் செல்லவேண்டுமானால் தாலுகாவில் உள்ள ஒவ்வொருவரும் 'தாழியில் உள்ளவருக்கும் எனக்கும் எவ்வித உறவுமில்லை' என்று சான்றிதழ் பெறவேண்டுமாம். விண்ணப்பத்தில், ஆட்சேபணை இல்லை என்று இறந்தவர் தரப்பில் ஒருவர் ஒப்பமிடவேண்டுமாம். அப்படி ஒப்பமிட யாராவது முன்வந்தால், அவர் வாரிசு ஆகிவிடுவார்.

அணை திறந்த அன்று வரிசை ஆற்றுப்பாலம்வரை நின்றது. மாடக்கண்ணுவுக்குப் பின்னால் மகளோடு இசக்கிச்செல்வி. கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். இடம் போய்விடும் என்று ஒருவரும் நகரவில்லை. அன்றைக்கு அந்தத் தாலுகாவில் வரிசையில் நிற்காமல், தன் இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தவர் தாழிக்காரர் ஒருவர்தான்.