கண்டக்டர் நானாவின் ஆறு நிமிட பஸ்

மூச்சு வாங்குவதைக்கூடக் கௌரவமாகச் செய்யலாம் என்று உலகத்துக்குக் காட்டிய ஒரே மனிதர் எங்கள் கண்டக்டர் நானாதான்.

நாவுல–மாத்தளை பஸ்ஸின் ஃபுட்போர்டில் முப்பது வருடம் தொங்கியவர். அவருக்கும் எனக்கும் ஒரே இரத்த வியாதி, ஒரே கிளினிக். மருந்துக்கு வியாதி அடங்கியிருக்கும்போதே ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை செய்யவேண்டும். உடம்பு அதைத் தாங்கவேண்டும். ஆறு நிமிட நடைப் பரீட்சையில் தேறினால்தான் தேதி என்றார் டாக்டர். நானோ பக்கத்துக் கடைக்கே த்ரீவீலில் போய், இறங்கும்போதே களைத்துப்போகிறவன்.

காலையில் வயல் ரோட்டில் பயிற்சி. ஒவ்வொரு மின்கம்பத்திலும் நானா நின்று, பஸ்ஸை நிறுத்துவதுபோல் அதை ஒரு தட்டுத் தட்டுவார்.

"என்ன நானா, மூச்சு வாங்குதா?"

"யாருக்கு? பஸ் ஹோல்ட் தம்பி இது, ஆள் ஏறணுமே! அவசரம்னா நீ த்ரீவீல்ல போ!"

நானோ அதற்குள் கம்பத்தைக் கட்டிப்பிடித்திருந்தேன்.

மூச்சு சீரானதும் இரண்டு தட்டு. "ரைட், போகலாம்!"

பரீட்சை நாளில் ஆஸ்பத்திரி நடைபாதையில் நானா ஜோராகக் கிளம்பினார். வார்டு வாசலில் நாலு பேர் நின்றார்கள். அவ்வளவுதான், கை தானாகச் சுவரைத் தட்டியது, கால் நின்றது. "உள்ள போங்க, உள்ள போங்க!" அடுத்த வாசலிலும் அதே கதை. கடிகாரம் மட்டும் எந்த ஹோல்ட்டிலும் நிற்கவில்லை. தேறவில்லை. திரும்பும் வழியில் நானா ஒரு கம்பத்தையும் தட்டவில்லை, எனக்குப் பயமாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்து மறுபரீட்சை. அதை வைக்கும் நர்ஸ் மிஸ்ஸிடம் நானாவின் ஹோல்ட் பற்றி நான் கோள் மூட்டினேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "நானா, இன்னைக்கு நீங்க எக்ஸ்பிரஸ். கடைசி வரைக்கும் ஹோல்ட்டே இல்ல."

முப்பது வருடத்தில் கிடைக்காத பதவி உயர்வு! நெஞ்சை நிமிர்த்திப் பறந்தார். எதிரே வந்த பெரிய டாக்டரையும் ஒதுக்கினார். "பின்னால வாற பஸ்ல வாங்க சேர்!"

தேதி கிடைத்தது. சிகிச்சையும் முடிந்தது.

என் பரீட்சையன்று, அவரைத் தனியே வைத்திருந்த அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று அவரைப் பார்த்தேன். மொட்டைத் தலை, முகக்கவசம், பாதியாக இளைத்த உடம்பு. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைக் கண்டுவிட்டார். கையைத் தூக்கிக் கண்ணாடியைத் தட்டினார். ஒரு தட்டு.

நில் என்கிறாரோ? இல்லை, அவருக்கு மூச்சு வாங்கியது. காத்திருந்தேன்.

இரண்டாவது தட்டும் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டேன். வழியில் எந்த ஹோல்ட்டிலும் நிற்கவில்லை.