கண்ணாடிக்குள் ஒரு முதுகு

அன்று காலை பல் தேய்க்கும்போதே முடிவு செய்துவிட்டேன். இனி நாளொன்றுக்கு முப்பது படம். ஒன்று குறைந்தாலும் நான் கண்ணாடிக் கடைக்காரன் இல்லை.

காரணம் இருக்கிறது. கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. படுத்தது மட்டுமில்லை, போர்வையும் போர்த்திக்கொண்டுவிட்டது. மழைக்காலம் முடிவதற்குள் அது எழுந்து உட்காராவிட்டால் கடையை மூடிவிட்டு, மாமனாரின் சோப்புத் தொழிற்சாலையில் கணக்கு எழுதப் போக வேண்டும் என்று வீட்டில் பேச்சு. மாமனார் எனக்காக ஒரு நாற்காலிகூட ஒதுக்கிவிட்டார். அது அவர் அறைக்கு நேர் எதிரே இருக்கிறதாம்.

"முப்பது படமா? யாரு பாப்பாங்க?" என்றாள் மனைவி.

"பாக்கறாங்களோ இல்லையோ, கண்ணுல பட்டுட்டே இருக்கணும். அதான் வியாபாரம்."

"கண்ணுல பட்டுட்டே இருந்தா அதுக்குப் பேரு தூசிங்க. தட்டி விட்டுடுவாங்க. வாரத்துக்கு ஒண்ணு போடுங்க. நின்னு பாக்கற மாதிரி ஒண்ணு."

"உனக்கு வியாபாரம் புரியாது."

"உங்களுக்குக் கண்ணாடி புரியாது."

எங்கள் வீடு மாடியில், கடை கீழே. போனை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

என் முறை எளிமையானது. போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து பின்கதவுவரை ஒரு நடை, பின்கதவிலிருந்து வாசல்வரை இன்னொரு நடை. போகிற போக்கில் டிக், டிக், டிக். எடுத்ததைப் பார்ப்பதில்லை. பார்த்தால் நேரம் ஆகும். அப்படியே கடையின் முகநூல் பக்கத்தில் ஏற்றிவிட்டு, எல்லாவற்றுக்கும் கீழே 'உங்கள் வீட்டின் அழகு, எங்கள் கண்ணாடி!' என்று ஒரே வாசகம். படத்துக்கு இரண்டு லைக் விழும். ஒன்று எதிர்க்கடைத் தையற்காரர் போடுவது. இன்னொன்று நான் போடுவது.

மனைவி விடவில்லை. சாப்பாடு போடும்போது சொன்னாள். துணி மடிக்கும்போது சொன்னாள். நான் தூங்குவது போல நடித்தபோதும் சொன்னாள். "பக்கத்தை விட்டு ஆளுங்க போயிட்டே இருக்காங்க. போடறதுக்கு முன்னாடி படத்தை ஒரு தடவை பாருங்க." ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவது சாதாரணக் கணவர்களின் வழக்கம். நான் வாங்கவே இல்லை.

பிறகு ஒரு நாள் அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

வெற்றி என்றுதான் முதலில் நினைத்தேன். மறுநாள் வீட்டில் பாத்திரச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்பதே தெரியவில்லை. "குழம்புல உப்பு கம்மி" என்று வம்புக்கு இழுத்துப் பார்த்தேன். "ம்" என்று உப்பு டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி ஒரு 'ம்' சொன்னதில்லை.

அந்த வாரம்தான் அந்தக் கமெண்ட் வந்தது. மழை இருட்டு. பகலிலேயே கடைக்குள் விளக்கு போட்டிருந்தேன். முன்பின் தெரியாத யாரோ கேட்டிருந்தார்: 'நாலாவது படத்துல கண்ணாடிக்குள்ள நிக்கறாங்களே, அந்தம்மா யாரு?'

எந்த அம்மா?

படத்தைத் திறந்தேன். நீள்வட்டக் கண்ணாடி. அதற்குள் இடம் வலமாகத் திரும்பிய என் கடை. அலமாரிகள் முடிகிற இடத்தில், பின்கதவை ஒட்டி, ஒரு பெண். முதுகைக் காட்டி நிற்கிறாள். அவிழ்ந்த முடி இடுப்புவரை தொங்குகிறது. படத்தில் எல்லாரும் அசையாமல்தான் நிற்பார்கள். இவள் படம் எடுப்பதற்கு முன்பிருந்தே அசையாமல் நின்றவள் மாதிரி இருந்தாள்.

மெல்லத் திரும்பிப் பார்த்தேன். பின்கதவோரம் யாருமில்லை. கதவு மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக் கடையில் பயப்படுவது மற்ற இடங்களில் பயப்படுவது மாதிரி இல்லை. ஓர் ஆள் பயந்தால் நாற்பது ஆள் பயப்படுவார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் வெளிறிப்போன ஒருவன் என்னையே வெறித்தான். மூலையில் ரசம் உதிர்ந்துபோன பழைய கண்ணாடி ஒன்று இருக்கிறது. அதில் எனக்கு ஒரு கண்தான் இருந்தது.

பழைய படங்களைத் தள்ளிக்கொண்டே போனேன். என் படங்களை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நேற்றைய படம் ஒன்றில் அவள் கதவுக்கு வெளியே, படியில், நிழலாக நின்றாள். அதற்கு முந்தைய படங்களில் அவள் இல்லை. ஆனால் வேறொருவன் இருந்தான். ஒவ்வொரு கண்ணாடிக்குள்ளும், பச்சைச் சட்டை போட்டு, முகமே இல்லாமல். கழுத்துக்கு மேலே வெறும் கறுப்புச் சதுரம். நூற்றுக்கணக்கான படங்கள், ஒன்றில்கூட அவனுக்கு முகமில்லை. "ஐயோ!" என்று அலறிவிட்டேன்.

அப்புறம்தான் குனிந்து, கடைக்குத் தினமும் போடும் என் சட்டையைப் பார்த்தேன். பச்சை. கறுப்புச் சதுரம் என் போன்.

அது நான்தான் என்று தெரிந்தும் மனசு ஆறவில்லை. முகமில்லாத இவனை நம்பி எவன் கண்ணாடி வாங்க வருவான்?

போனைத் தூக்கிக்கொண்டு தையற்காரரிடம் ஓடினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எங்கயோ பாத்த முதுகு அண்ணே."

"முதுகா?"

"முகம் எனக்கு மறந்துடும். அளவெடுத்த முதுகு மறக்காது. இவங்களுக்கு நான் தைச்சிருக்கேன்."

"உயிரோட இருக்காங்களா?"

அவர் யோசித்தார். "தெரியலையே. ரெண்டு வருஷமா புதுத்துணி தைக்கவே வரல."

ரெண்டு வருஷம்! போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம்! தையற்காரர் தண்ணீர் கொடுத்தார். தண்ணீருக்குள்ளும் என் முகம் ஆடியது, குடிக்காமல் வைத்துவிட்டேன்.

மாடிக்குப் போய் மனைவியிடம் படத்தைக் காட்டினேன். திட்டினால் போதும் என்றிருந்தது. 'அலங்கோலமா படம் எடுத்தா பேய்தான் வரும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் தெம்பாகிவிடுவேன். அவள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"ம்," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு முப்பது படமும் எடுத்தேன். கண்ணாடிச் சட்டத்தில் இடித்து முழங்காலில் ரத்தம். வாசலுக்கு வெளியே வந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். பதினேழாவது படத்தில் அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றாள். நான் தினமும் உட்காரும் நாற்காலியின்மேல் அவள் கை இருந்தது. முதுகு என் பக்கம். இன்னும் ஓர் அடி வைத்தால் திரும்பிவிடுவாள் போலிருந்தது.

இனி முப்பது படத்துக்காகத் தினமும் அந்தப் பின்கதவுவரை போய்வர என் உடம்பில் தெம்பு இல்லை. ஒரே ஒரு படம், அதுவும் தீர விசாரித்துத்தான் என்று முடிவு செய்தேன்.

அடுத்த நாள் பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். அலமாரிகளுக்குப் பின்னால் கழியால் தட்டிப் பார்த்தேன். நீள்வட்டக் கண்ணாடியைத் தூக்கி வந்து ஜன்னலுக்கு எதிரே சாய்த்து வைத்தேன், அதற்குள் என்ன விழும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். பேய் மூச்சுவிட்ட தடம் ஏதாவது இருக்குமோ என்று மூன்று தடவை துடைத்தேன். பச்சைச் சட்டைக்காரன் உள்ளே வராதபடி ஓரமாகக் குந்திக்கொண்டேன். வெளிச்சம் சரியாக விழும்வரை மூலை மூலையாகப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன். டிக்.

கண்ணாடிக்குள் ஜன்னல். ஜன்னலில் மழை. தெருவில் குடை பிடித்து யாரோ போகிறார்கள். அவள் இல்லை. நானும் இல்லை. அதற்கு அந்தப் பழைய வாசகத்தைப் போட மனசு வரவில்லை. 'இது இன்று மழையைப் பார்த்தது' என்று மட்டும் எழுதினேன்.

ஓர் அம்மாள் கமெண்ட் போட்டார்: 'இதையே ரொம்ப நேரம் பாத்துட்டிருந்தேன்.' மறுநாள் நேரில் வந்து அந்தக் கண்ணாடியை வாங்கிக்கொண்டு போனார். போகும்போது இன்னொன்றுக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குப் பேயின் சட்டம் பிடிபட்டது. அள்ளிப் போட்டால் வரும். பார்த்துப் போட்டால் வராது. வாரத்துக்கு ஒரு படம். ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பட்ட சோதனை. ஆள்கள் பக்கத்துக்குத் திரும்பி வந்தார்கள், பிறகு கடைக்கே வந்தார்கள். மழைக்காலம் முடிவதற்குள் வியாபாரம் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டது. சோப்புத் தொழிற்சாலை நாற்காலியில் வேறு ஒரு பாவப்பட்டவர் உட்கார்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது.

"எப்படி அண்ணே?" என்றார் தையற்காரர்.

"அளவு முக்கியமில்ல, தரம்தான் முக்கியம். நானே கண்டுபிடிச்ச உத்தி" என்றேன். பேயைப் பற்றி வாய் திறக்கவில்லை.

போன வாரம். வெயில் நன்றாக அடித்தது. ஆளுயர நிலைக்கண்ணாடிக்கு முன்னால் ஓரமாகக் குந்தி வெளிச்சத்துக்குக் காத்திருந்தேன். தாழ்ப்பாள் போட மறந்துவிட்டேன். கண்ணாடிக்குள் பின்கதவு திறந்தது.

கதவை முதுகால் தள்ளிக்கொண்டு அவள் வந்தாள். முதுகு என் பக்கம். அவிழ்ந்த முடி. கண்ணை மூடப் பார்த்தேன். ஆனால் இத்தனை வாரம் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் மூட மறுத்தது. பார்த்தேன். முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தோளில் ஓர் ஊக்கு. ரவிக்கையில் சாயம் போன ஊதா. பிடரியில் ஒரு சின்ன மச்சம். ஒரு கையால் துண்டை உதறினாள். அந்த உதறலை நான் எங்கோ கேட்டிருக்கிறேன்.

"நீயா!"

மனைவி திரும்பினாள். "வேற யாரு? மாடி ஜன்னல்ல இந்நேரம் வெயில் விழாது. தலை காய வைக்க வந்தேன்."

"அன்னிக்குக் கதவோரம்? கல்லாப் பக்கத்துல?"

"நான்தான்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்னிடம் பேசும்போதெல்லாம் அவள் எனக்கு நேர் எதிரே நிற்பவள். நான் எழுந்து போகும்வரை நிற்பாள். இத்தனை வருஷத்தில் அவள் முதுகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தையற்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

"உயிர் போற மாதிரி பயந்தேன்! வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"திறந்துதாங்க சொன்னேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை சொன்னேன், ஒண்ணுகூட உங்க காதுல விழல. அப்புறம்தான் வாயை மூடிக்கிட்டு, நின்னு பாக்கற மாதிரி ஒண்ணு சொன்னேன்."