மாமியார் வழியில் முளைத்த புல்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பல்லும் இப்போதே கொட்டட்டும்.

கோல்ஃப் மைதானத்தில் புல் மாஸ்டர் ஒருவர் இருந்தார். பந்து குழிக்குள் உருளும் இடத்தில் பென்ட் புல் என்று ஒன்று போடுவார்கள். தினமும் விடியலில் மூன்று மில்லிமீட்டருக்குச் சிரைத்துவிட வேண்டும். அதைப் பெற்ற பிள்ளையாக வளர்ப்பவர் அவர். எறும்பு குறுக்கே போனால்கூட, "செருப்பைக் கழட்டு" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் தலையில் ஒரு நாள் இடி விழுந்தது. புருஷனின் குறட்டை பொறுக்காமல் கோபித்துக்கொண்டு மாமியார் பெட்டியோடு வருகிறாராம். தங்கப்போவது கொல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள பின்னறையில்.

மாஸ்டர் யோசித்தார். சுற்றிலும் ஆளுயர மதில். கொல்லையைத் தாண்டாமல் பின்னறைக்குப் போகக் காக்கையால்தான் முடியும். ஒரே நாளில் கொல்லையைக் கொத்தி, மணல் பரப்பி, மட்டம் பார்த்து, சுவர் முதல் சுவர் வரை விதைத்துவிட்டார்.

"என்னங்க இது, பொடி?" என்றாள் மனைவி.

"பொடி இல்ல, விதை. நீ தும்மினா அடுத்த தெருவுல முளைக்கும். ஆறு வாரம் ஒரு கால் படக் கூடாது."

"அப்ப அம்மா எப்படிப் பின்னறைக்குப் போவாங்க?"

"அதான் எனக்கும் ஒரே வருத்தம்." சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டார். "வேணும்னா அப்புறமா வரச் சொல்லேன்."

"ஆறு வாரத்துல உங்க வேலை முடிஞ்சிடுமா?"

"பென்ட் புல்லுன்னா சும்மாவா? வளர்க்கிறது ஆறு வாரம். காப்பாத்துறது ஆயுசுக்கும்!"

மனைவி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கே அவர் பயந்திருக்க வேண்டும்.

"தண்ணி?"

"அஞ்சு வேளையும் பனி மாதிரி தூவணும். ஒரு வேளை காஞ்சாலும் போச்சு."

"குழாய் பின்னறைப் பக்கம்தானே இருக்கு?"

"படிக்குப் படி பலகை போட்டுப் போவேன். போனதும் பலகையை எடுத்துடணும். நிழல் விழுந்தா முளை மஞ்சளாயிடும்."

மைதானத்தில், 'புல் வளர்ப்பு நிமித்தம்' என்று ஆறு வாரம் லீவும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை பலகையில் நடந்து அக்கரை சேர்ந்தார். தண்ணீர் தூவினார். திரும்பிப் பார்த்தால் பலகையைக் காணோம். வீட்டுப் படியில் மனைவி. அவள் கையில் பலகை. பக்கத்தில் பெட்டியோடு மாமியார்.

"ஏய், பலகையைப் போடு!"

"அஞ்சு வேளையும் போட்டுப் போட்டு எடுத்தா முளை என்னத்துக்கு ஆகும்? அங்கயே இருங்க. அம்மா உங்க கட்டில்ல படுத்துக்குவாங்க."

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் வந்தது: "மாப்பிள்ளை, மெத்தை நல்லா மெத்துனு இருக்கு!"

தாண்டி ஓடியிருக்கலாமே என்கிறீர்களா? இருபது வருஷத்தில் ஒரு முளையைக்கூட மிதித்தறியாத கால் அது. தூக்கினார். அந்தரத்திலேயே நின்றது. மெல்லத் திரும்பித் தன் படிக்கே வந்துவிட்டது.

அன்று முதல் துணி காயப்போடும் கயிற்றில் டிபன் கேரியர் ஊர்ந்து வந்தது. கேரியர் ஆடி ஒரு சொட்டுக் குழம்பு சிந்தினால், பட்டினியை மறந்து, "முளை! முளை!" என்று அலறுவார். ஐந்தாம் வாரம் கொல்லை பச்சைப் பட்டாக மின்னியது. புல் மூன்று மில்லி. தாடி முக்கால் முழம்.

நாற்பத்திரண்டாம் நாள் விடிந்தது. வெறுங்காலோடு புல்லின் மேல் நடந்து, கோட்டையைப் பிடித்த ராஜாவாக வீட்டுப் படியேறினார்.

"ஆறு வாரம் ஆச்சு! அத்தை, உங்க ரூம் ரெடி!"

மனைவி வாசலை மறித்து நின்றாள்.

"விடியறதுக்குள்ள பனியைத் தட்டணும், புல்லை வெட்டணும், மணல் தூவணும். உங்களுக்குப் பின்னறைதான் வசதி. காப்பாத்துறது ஆயுசுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? அம்மாவும் ஆயுசுக்கும்தான் வந்திருக்காங்க."

கேட்டீர்களா, உங்களோடு இருக்கட்டும். யார் சொன்னதென்று மூச்சு விடாதீர்கள், முக்கியமாக அந்த மாமியாரிடம். கல்யாணமாகி நாற்பது வருஷம் கழித்து இப்போதுதான் என் வீட்டில் நான் வாய் திறந்து குறட்டை விடுகிறேன்.