பேஸ்மென்ற்றில் ஓர் ஊசித்தும்பி

"அப்பா, இந்தத் தும்பி சிறிலங்காவை விட்டா உலகத்தில வேற எங்கயும் இல்லையாம்," என்றாள் ஸ்டெபனி, போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

பேனாட் கதிரையை விட்டு எழும்பி வந்து பார்த்தார். ஸ்காபரோவில் அவர்கள் வாடகைக்கு இருந்த நிலக்கீழ் பேஸ்மென்ற்றில், பிளாஸ்ரிக் பேசினில் நின்ற வல்லாரை இலைமேல், நூல் போன்ற உடம்போடு ஓர் ஊசித்தும்பி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. பேசின் தண்ணீருக்குள் புழுவாய்க் கிடந்து, இப்போதுதான் சிறகு முளைத்து ஏறியிருக்கிறது.

அந்த வல்லாரையை மன்னாரிலிருந்து ஈரத்துவாயில் சுற்றி, சேலைகளுக்கு நடுவில் ஒளித்துக் கொண்டுவந்தவர் அவர்தான். "செடி, விதை ஏதும் உண்டா?" என்று விமான நிலையத்தில் கேட்டபோது, இல்லவே இல்லை என்று சாதித்திருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை அவருக்குக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம்.

"உனக்கு ஆர் சொன்னது?"

"பூச்சி ஆப்பில படம் போட்டன். ஒரு எக்ஸ்பேர்ட் கேக்கிறார், ஸ்காபரோவுக்கு எப்பிடி வந்தது எண்டு."

"அழி பிள்ளை."

"ஆள் பாத்திட்டார், டாட். இப்ப அழிச்சா இன்னும் சஸ்பிஷியஸ்."

பேனாட் யோசித்தார். பயந்தால் அவருக்கு மூளை மிக வேகமாக, தவறான திசையில் ஓடும். "அப்ப, மன்னாரில எடுத்த படம், இடம் மாறிப் பதிஞ்சிட்டுது எண்டு போடு."

போட்டாள். அவர் தேத்தண்ணியை வாயில் வைக்குமுன் பதில் வந்தது.

"இது மழைக்காட்டு ஓடையில இருக்கிற பூச்சியாம். மன்னார் வறண்ட இடமெல்லோ? பெரிய கண்டுபிடிப்பாம். எந்த இடம் எண்டு கேக்கிறார்."

"கட்டுக்கரைக் குளம் எண்டு போடு." பொய்யிலும் அவர் ஊரின் பெரிய குளத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

மறுநாள் கொழும்பிலிருந்து நாலு பூச்சி ஆராய்ச்சிக்காரர் வலையோடு கட்டுக்கரைக்குப் புறப்பட்டுவிட்டார்கள். எக்ஸ்பேர்ட்டும் சும்மா இருக்கவில்லை.

"அப்பா, படத்தில பின்னுக்கு நிக்கிறது என்ன எண்டு கேக்கிறார்."

"என்ன நிக்குது?"

"பனி வழிக்கிற ஸ்னோ ஷவல்."

பேனாட் எழுந்து, கோயிலுக்குப் போடும் சேட்டைப் போட்டார். பிடிபடுவதைவிட ஒப்புக்கொள்வது மேல். தும்பிக்குக் குளிருமே என்று, தன் சால்வையால் பேசினைப் போர்த்தித் தூக்கினார். தூக்கிய வேகத்தில் சேட்டின் முன்பக்கம் முழுக்கத் தண்ணீர்.

வாசலில் அவருடைய மனைவி றோசலின், வேலை முடிந்து வந்துகொண்டிருந்தாள்.

"உதை எங்க கொண்டு போறியள்?"

"பொலிசில பிடிச்சுக் குடுக்க."

"தும்பியையோ?"

"என்னை. மன்னாரில இருந்து களவாக் கொண்டு வந்தது நான்தானே. அவங்களா வந்து பிடிச்சா சிற்றிசன்ஷிப் போயிடும், றோசலின். நீங்கள் ரெண்டு பேரும் தனிய என்ன செய்வியள்?"

றோசலின் பேசினைப் பார்த்தாள், நனைந்த சேட்டைப் பார்த்தாள். சப்பாத்தைக் கழற்ற நிறைய நேரம் எடுத்தாள்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் கொண்டுவந்தது அந்தக் கிழமையே அழுகிப்போச்சு. மனமுடைஞ்சு போவியள் எண்டு, தமிழ்க்கடையில கொழும்பில இருந்து வந்த வல்லாரை வேரோட ஒரு கட்டு வாங்கி நட்டது நான்."