அத்தையின் கத்தி

ஓவன் கதவு மூட மறுத்தது. உள்ளே படுத்திருந்த பன்றித் தொடையின் கணுக்கால் நாலு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, பேருந்துப் படிக்கட்டில் தொங்குபவன் காலைப் போல.

"வாங்கறதுக்கு முன்னாடி அளவு பாக்க மாட்டீங்களா?" என்றாள் மனைவி.

"பாத்தேனே. கச்சிதமா இருந்துச்சு."

"எதுல பாத்தீங்க?"

"ஃப்ரிட்ஜுல."

அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வாழ்நாளெல்லாம் குளிரோடு குடித்தனம் நடத்தியவன். சூட்டோடு அவனுக்கு இதுதான் முதல் பழக்கம்.

நேற்றே பூண்டு, மிளகு, உப்பு எல்லாம் இடித்து, தோலைக் கீறித் தடவி ஊறவைத்திருந்தான். சாயங்காலம் மாமனாரும் மாமியாரும் சாப்பிட வருகிறார்கள். குடும்ப விருந்து என்றால் தொடையைச் சுடுவது மாமியார்தான். சுட்டவர்தான் வெட்டிப் பரிமாற வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அதற்கென்றே ஒரு நீளமான கத்தி வைத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அதை அவன் தொட்டதில்லை. போன விருந்தில் வாய் சும்மா இருக்காமல், "அடுத்த தடவை நான் சுடறேன் அத்தை" என்று சொல்லிவிட்டான்.

"தாராளமா மாப்பிள்ளை. நல்லா வந்துட்டா கத்தி உங்களுக்கே," என்று மாமியார் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவன் தூக்கத்தைக் கெடுத்தது.

கதவைக் கம்பியால் இழுத்துக் கட்டினான். இடுக்கு வழியே வந்த சூட்டில் ஓவனின் குமிழ் உருகி வழிந்தது. உள்ளே இருந்து சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் அதோடு போய்ச் சேர்ந்தது.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"கவலைப்படாத. தெர்மோஸ்டாட் என்கிட்ட ஒரு பை நிறைய கிடக்கு."

"அதெல்லாம் ஃப்ரிட்ஜுதுங்க!"

"தெர்மோஸ்டாட்ல என்ன ஜாதி?"

ஜாதி இருந்தது. ஃப்ரிட்ஜ் தெர்மோஸ்டாட், சூடு ஏறினால் வேலையைத் தொடங்கும், குளிர்ந்தால் நிறுத்தும். அது பிறவிக் குணம். ஓவனுக்குள் போயும் அது மாறவில்லை. சூடு ஏற ஏற, இன்னும் குளிரவில்லையே என்ற கவலையில் மின்சாரத்தை விட்டுக்கொண்டே இருந்தது. வயர் பொசுங்கியது. 'டப்' என்றது. வீடு முழுக்க மின்சாரம் போனது.

தொடையை மட்டும் எப்படியோ வெளியே இழுத்துவிட்டான். அதற்கு லேசாக வியர்த்திருந்தது, அவ்வளவுதான்.

"ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பண்ணிப் பண்ணி, வீட்டையும் மூடின ஃப்ரிட்ஜ் மாதிரி இருட்டாக்கிட்டீங்க," என்றாள் மனைவி.

தொடையை ஒரு தட்டில் வைத்துக் குழந்தை போல் ஏந்திக்கொண்டு தெருமுனை பேக்கரிக்கு ஓடினான்.

"ரொட்டி வேலை முடிஞ்சுது. அடுப்புச் சூடு இனி மெல்ல மெல்லத்தான் இறங்கும். இதுக்கு அதுதான் தோது," என்றார் பேக்கரிக்காரர். தட்டை அலுமினியத் தாளால் மூடினார். "என்னவோ, இன்னிக்கு எல்லாருக்கும் தொடை ஞாபகம்."

சாயங்காலம் போனபோது அவர் இல்லை. கூட்டத்துக்கு நடுவே அவர் மனைவி, "உள்ளே இருக்கு, எடுத்துக்குங்க" என்று மோவாயால் காட்டினார். மேடை மேல் தாள் மூடிய தட்டு. தூக்கினான். லேசாக இருந்தது. நீட்டிக்கொண்டிருந்த காலையும் காணோம்.

மெதுவாக வெந்தால் கறி சுருங்கும் என்று அவனுக்குத் தெரியும். இவ்வளவு சுருங்கியிருந்தால் எவ்வளவு மெதுவாக வெந்திருக்க வேண்டும்! வீடு வரைக்கும் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தான்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் விருந்து தொடங்கியது. மாமியார் துணியைப் பிரித்துக் கத்தியை எடுத்தார். அவன் கை நீண்டது.

"முதல்ல ருசி மாப்பிள்ளை. அப்புறம் கத்தி."

அவரே வெட்டினார். எல்லாரும் வாயில் வைத்தார்கள்.

"நல்லாத்தானே..." என்று தொடங்கிய மாமனார், மாமியாரின் பார்வையைப் பார்த்ததும், "...வந்திருக்கணும்" என்று முடித்துக்கொண்டார்.

"குறை சொல்றதா நினைக்காதீங்க மாப்பிள்ளை," என்றார் மாமியார். "உப்பு கொஞ்சம் கூச்சப்படுது. பூண்டு எங்க போச்சுன்னே தெரியல. தோலைக் கடிக்கத் தனியா பல்லு கட்டணும்."

"இல்லைங்க அத்தை. எலும்புல ஒட்டாம கழண்டு வருது பாருங்க. இது என் கையால ஊறவெச்சது. இந்த ஊர்ல யார் வீட்டு மேசையில வேணும்னாலும் வைப்பேன்!"

அத்தையிடம் அவன் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

"நல்லாத்தாம்மா இருக்கு," என்று மனைவியும் சேர்ந்துகொண்டாள். அவன் இன்னும் ஒரு அங்குலம் உயர்ந்தான்.

"நான் கெட்டுப்போச்சுன்னா சொன்னேன்? உங்களுக்குக் கைப்பழக்கம் வர நாளாகும்ல. அதான், எதுக்கும் இருக்கட்டுமேன்னு நானும் ஒண்ணு சுடக் குடுத்திருக்கேன். இப்ப வந்துடும்."

சொல்லி வாய் மூடவில்லை, கதவு தட்டப்பட்டது. தாள் மூடிய தட்டோடு பேக்கரிக்காரர் மூச்சிரைக்க நின்றார்.

"அம்மா, ஒரு விஷயம்..."

"முதல்ல தட்டை வைங்க."

தாளின் ஒரு ஓரத்தை மட்டும் மாமியார் கிழித்தார். வாசனை அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கத்தி பட்டதும் தோல் நொறுங்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, அது வந்து..."

"இருங்கங்கறேன்ல!"

மாமியார் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "பாத்தீங்களா மாப்பிள்ளை? இதுக்குப் பேரு கை. உப்பு சரியா நிக்குது. பூண்டு எலும்பு வரைக்கும் இறங்கியிருக்கு."

மாமனார் யாரையும் கேட்காமல் இரண்டாவது துண்டை எடுத்தார். மனைவிக்கோ வாய் நிறைய கறி. மெக்கானிக்கும் தின்று பார்த்தான். நிமிர்ந்திருந்த நெஞ்சு, வெந்த கறி போலச் சுருங்கியது. பொய் சொல்ல நாக்கு ஒத்துழைக்கவில்லை.

"பிரமாதம் அத்தை," என்றான்.

"எது நல்லாயிருக்கோ, அதைச் சுட்டவங்க கையிலதான் கத்தி. நியாயம்தானே?"

"நியாயம்தான் அத்தை."

பேக்கரிக்காரர் மீதித் தாளை விலக்கி, மெழுகுவத்தியைத் தட்டின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"அப்போ கத்தியை மாப்பிள்ளைகிட்ட குடுத்துடுங்கம்மா, அவரு தூக்கிட்டு வந்தது உங்க தொடை, இது அவரோடது, கால் நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க!"